வா என்றால் போ

2025 ஜனவரி 6, திங்கள்

வகுப்பில் இன்று ஏவல் வினை தொடங்கியது. பிரெஞ்சில் ஒருவருக்கு ஆணையிடுவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம். பகல் முழுக்க சனத்நகர் மாத்திரைக் கம்பெனியில் ‘இதைச் சரிபார்’, ‘அதைத் திருப்பி அனுப்பு’ என்று கேட்டுவிட்டு அங்கே போனால் அங்கேயும் அதுவேதான். சிரிப்பு வந்தது.

சபீனா மிஸ் நன்றாகச் சொல்லித்தருகிறார். காரைக்கால்காரர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் தெலுங்கு, நாங்கள் இருவர்தான் தமிழ். விதி எளிது என்றார். ‘நீ சாப்பிடுகிறாய்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ‘நீ’யை நீக்கிவிட்டால் கட்டளை. மாஞ்ஜ் — சாப்பிடு. மாஞ்ஜே — சாப்பிடுங்கள். மாஞ்ஜோன் — சாப்பிடுவோம். இந்த மூன்றுதான். அவனுக்கும் அவளுக்கும் எனக்கும் வடிவம் கிடையாது. எனக்கு நானே ஆணையிட வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். உங்களையே நீன்னு கூப்பிட்டுக்குங்க அக்கா என்றார்.

இன்னொரு வேடிக்கை. ‘போ’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல், ‘வா’. அப்படியே நம் வா. மிஸ்ஸின் மாமா பிரான்சிலிருந்து லீவில் வந்து பிள்ளைகளை விரட்டுவதற்கு ‘வா, வா’ என்பாராம். பிள்ளைகள் எல்லாம் மடியில் வந்து ஏறுமாம்.

வீட்டில் அவரிடமும் பிள்ளையிடமும் சொன்னேன். தாரிணி வாசலில் நின்று ‘வா, வா’ என்று கத்திக்கொண்டே என்னை வெளியே தள்ளினாள். தியாகுவும் சிரித்தார். நவம்பரில் வேலை போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வேடிக்கை கற்றுக்கொண்டு வரலாம்.

2025 ஜனவரி 9, வியாழன்

கனடா விண்ணப்பம் என் பெயரில் போகிறது. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு வயதுக்கான மதிப்பெண் அடிபட்டுப் போகிறது. எனக்கு முப்பத்தைந்து. ஆங்கிலம் எழுதியாயிற்று. பிரெஞ்சும் நன்றாக வந்துவிட்டால் கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மார்ச்சில் தேர்வு. அவரும் போன வருடம் ஒரு பேட்ச் படித்தார், முடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசக்கூடாது.

என் பெயரில் போவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. சொல்வதில்லை. ஆனால் ‘நீதானே மெயின்’ என்று அடிக்கடி சொல்கிறார். நான் டீயில் சர்க்கரை போட மறந்தால்கூட.

2025 ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் வைத்தேன். குக்கரில்தான்.

சாப்பிட்டு முடித்ததும் தியாகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். நெ பார்ல் பா தமூல். தமிழ் பேசாதே. இன்றைக்கு வகுப்பு வைத்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்கள், எதிர்மறை ஏவல், இலக்கணப் பிழை இல்லை. மொழி என்பது புத்தகத்தில் வராது, வாழ்ந்தால்தான் வரும், தேர்வு வரைக்கும் வீட்டில் பிரெஞ்சு மட்டும் என்றார். தாரிணிதான் கண்காணிப்பாளர். நான் தமிழ் பேசாத நாளுக்கு ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் எனக்கில்லை, அவளுக்கு. அவள்தான் என்னைத் திருத்துகிறாளாம்.

அவளுக்கு ஒன்பது வயது. துள்ளிக் குதித்தாள். நானும் சரி என்றேன். சரிதானே. நமக்காகத்தானே.

2025 ஜனவரி 22, புதன்

அசியே-துவா: உட்கார். எக்கூத்: கேள். ரெப்பெத்: திரும்பச் சொல். தெபேஷ்-துவா: சீக்கிரம்.

இவை எல்லாம் வீட்டுப்பாடம் இல்லை. இன்று காலை ஏழிலிருந்து எட்டுக்குள் எனக்குச் சொல்லப்பட்டவை.

2025 பிப்ரவரி 3, திங்கள்

தமிழில் ஏதாவது கேட்டால் காது கேளாதவர் மாதிரி இருக்கிறார். கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணுங்கள் என்று சொன்னேன். பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கேஸ் சிலிண்டருக்கு பிரெஞ்சு தெரியவில்லை. செல்லில் தேடிச் சொன்னேன். உச்சரிப்பு தப்பு என்று இன்னொரு முறை. பிறகு நின்றுகொண்டு இன்னொரு முறை.

சாயங்காலம் குக்கர் ஆவி கையில் அடித்துவிட்டது. அம்மா என்று கத்திவிட்டேன். தாரிணி ஹாலிலிருந்து ஓடிவந்தாள். கையைப் பார்க்க என்று நினைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திரத் தாளில் இன்றைய நட்சத்திரத்தை அடித்துவிட்டு அப்பாவிடம் போய், “மம்மி தமிழ் மாட்லாடிந்தி” என்றாள். அம்மா தமிழ் பேசிவிட்டாள். தெலுங்கில் புகார் கொடுக்கலாம், தமிழில் அலறக்கூடாது.

தியாகு வந்து என் கையைக் குழாயில் பிடித்தார். அது உண்மை, எழுதிவைக்க வேண்டும், பிடித்தார். பிடித்துக்கொண்டே, பிரெஞ்சுக்காரன் சுட்டுக்கொண்டால் ‘ஆய்’ என்பான், அம்மா என்ன மாட்டான், சொல்லு என்றார். சொன்னேன். மூன்று முறை. கையை விட்டார்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

வகுப்பில் யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது என்று பேச்சு வந்தது. நீ — த்யு. நீங்கள் — வூ. கணவன் மனைவி எப்படி என்று கேட்டேன். இரண்டு பேரும் த்யுதான், அங்கே பெண்டாட்டி புருஷனை வூ போட்டா சண்டையில இருக்காங்கன்னு நினைப்பாங்க என்றார் மிஸ். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அது பிடித்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக வாங்க, போங்க, சாப்பிடுங்க. வேறு ஒரு மொழியில் அவரை நீ என்று கூப்பிட்டுப் பார்க்கலாம், விளையாட்டாக இருக்கும். தோசை வைத்துவிட்டுச் சொன்னேன், வியான், மாஞ்ஜ். வா, சாப்பிடு. கொஞ்சம் செல்லமாகத்தான் சொன்னேன்.

எழுந்து வந்தார். உட்காரவில்லை.

“யாரைப் பார்த்து ‘தூ’ங்கற?”

தமிழில் கேட்டார். அவர் போட்ட சட்டத்தை அவரே மறந்துவிட்டார். அவர் வாயில் அது த்யு இல்லை, தூ. துப்புகிற மாதிரி. மிஸ் சொன்னதைச் சொன்னேன், பிரான்சில் அப்படித்தான் என்று. பிரான்சில் இல்லை, போவன்பள்ளியில் இருக்கிறோம் என்றார். தோசைத் தட்டை எடுத்து ஸிங்க்கில் கவிழ்த்தார். மெதுவாக, சத்தம் வராமல்.

இனி இப்படி: அவர் என்னை த்யு என்பார். தாரிணியும் என்னை த்யு. நான் அவரை வூ. தாரிணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோசையைச் சாப்பிட்டாள்.

2025 பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் அவர் என்னோடு பேசவில்லை. எந்த மொழியிலும்.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்

மாதிரித் தேர்வில் எழுத்துப் பகுதி போய்விட்டது. ‘மாஞ்ஜ்’ போன்ற வினைகளுக்கு நீ வடிவத்தில் கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். நான் எல்லா இடத்திலும் விட்டுவைத்திருந்தேன். காதுக்கு எந்த வித்தியாசமும் கேட்காது, தாளில் மட்டும் தெரியும் தப்பு. சபீனா மிஸ், பழக்கத்துல வர்றது அக்கா, சரியாயிடும் என்றார்.

தியாகு அந்தத் தாளை உரக்கப் படித்தார், ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தி. நடுவில் நான் ஏதோ விளக்கப்போனேன்.

“தே-துவா, மம்மி.”

வாயை மூடு. சோபாவில் படுத்துக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். உச்சரிப்பு மிகச் சுத்தம். அவளுக்கு எளிதாக வருகிறது. அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். நான் வாயை மூடினேன் — ஏன் மூடினேன்? ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு அறை விட்டிருக்கலாம். விடவில்லை.

2025 பிப்ரவரி 23, ஞாயிறு

என் செல்லை வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போகும்போது தருவார், வந்ததும் வாங்கிக்கொள்வார். கோவில்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் பேசினால் தமிழ் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறதாம். அம்மா, தம்பி பாலா எண்களை பிளாக் பண்ணி வைத்துவிட்டார், என் செல்லுக்கு அவர்கள் அழைப்பு வராது. அவசரம் என்றால் அவர் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாராம்.

கம்பெனியிலிருந்து பேசலாம்தான். என் செல்லில் கூப்பிட்டால் வந்ததும் பார்த்துவிடுவார்; யாரிடமாவது செல் வாங்கி. என்னவென்று சொல்லி வாங்குவது? என் புருஷன் தமிழைத் தடுத்திருக்கிறார் என்றா? மூன்று வாரம். முடிந்துவிடும்.

2025 மார்ச் 2, ஞாயிறு

அம்மாவிடம் பேச விட்டார். ஒரு நிபந்தனை, பிரெஞ்சில்தான் பேச வேண்டும். பேச்சுப் பகுதிக்கு நல்ல பயிற்சி, அத்தைக்கும் பெருமையாக இருக்கும் என்றார். ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவுக்கு என்ன தெரியும். எடுத்ததும், “தாயி, நல்லா இருக்கியா? ஏன் குரலே காணும்?” என்றாள். நான் நன்றாக இருக்கிறேன், வேலை நிறைய, தாரிணி படிக்கிறாள் என்று பிரெஞ்சில் சொன்னேன். அம்மா சிரித்தாள். “என்னட்டி, வெள்ளக்காரி கணக்கா பேசுதே? ஒண்ணும் வெளங்கல எனக்கு.” தியாகு விரலால் காட்டினார், தொடர் என்று. தொடர்ந்தேன். இன்று என்ன சமைத்தேன், வெயில் எப்படி. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். உடம்புக்கு ஏதும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன், பிரெஞ்சில். எப்பம் வாரே என்று கேட்டாள். தேர்வு முடிந்ததும் வருகிறேன் என்றேன், பிரெஞ்சில்.

“என்ன சொல்லுதான்னு யாராச்சும் சொல்லுங்களேன்” என்றாள் அம்மா.

தியாகு செல்லை எடுத்து, பரீட்சை முடிஞ்சு வருவா அத்தை, நல்லா தேறிட்டா என்றார். வைத்துவிட்டார்.

வினை முடிவுகளில் இரண்டு தப்பு என்றார்.

2025 மார்ச் 12, புதன்

நன்றாகத் தூங்கச் சொல்கிறார். பாதாம் ஊறவைத்துத் தருகிறார். நேற்றிலிருந்து திடீரென்று அன்பாக இருக்கிறார். சமையலும் அவரே. இரண்டு முறை அவர் செல் அடித்தது, பால்கனிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வேலை விஷயமாக இருக்கும். கிடைத்தால் நல்லது.

2025 மார்ச் 17, திங்கள் — கோவில்பட்டி

வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுத முடியாது.

சனிக்கிழமை தேர்வு. பஞ்சாரா ஹில்ஸ். காலையில் எழுத்து, மதியம் பேச்சு. பேச்சில் இரண்டாம் பகுதி, ஒரு விளம்பரத்தைக் கையில் கொடுப்பார்கள், தேர்வாளரை நம் சிநேகிதியாக நினைத்துக்கொண்டு அந்த விஷயத்துக்குச் சம்மதிக்கவைக்க வேண்டும். சிநேகிதி என்பதால் நீ போட்டுத்தான் பேச வேண்டும், ஏவல் எல்லாம் நீ வடிவத்தில். எனக்கு வந்த விளம்பரம்: தனியாக வசிக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துப் பேச ஆட்கள் தேவை.

தேர்வாளர் வெள்ளைக்காரப் பெண், நல்ல முகம். எனக்கு நேரமில்லை என்று நடித்தார். நான் விடவில்லை. பத்து நிமிடம் பேசினேன். போய்ப் பார், வயதானவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தள்ளிப்போடாதே. பயப்படாதே, ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார். அடுத்த வாரம் என்று சொல்லாதே, இன்றைக்கே போ. வா லா வுவார், வா. போய் அவளைப் பார், போ. ஒரு தப்பு இல்லை. எனக்கே தெரிந்தது. கடைசியில் அவர், சரி, நீ ஜெயித்துவிட்டாய், போகிறேன் என்றார்.

வெளியே வந்தேன். காரில் ஏறினேன். எப்படிப் போனது என்று கேட்டார் தியாகு. நன்றாக என்றேன். நீயும் நீங்களும் கலக்கவில்லையே? இல்லை. ஏவல் எத்தனை போட்டாய்? நிறைய. வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அத்தை போயிட்டாங்க. நேத்து காலையில.”

திங்கட்கிழமையே பக்கவாதம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். பாலா அவருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் தேர்வு அறையில் வரிசையில் நிற்கும்போது சாம்பலைக் கரைக்கப் போயிருப்பார்கள்.

“பரீட்சை முடியட்டும்னுதான் சொல்லல” என்றார். “சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா? யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். அவர் சொன்னது சரி.

அழாதே என்றார். தமிழில்.

2025 மார்ச் 29, சனி — கோவில்பட்டி

இன்று பதினாறு. தியாகு நேற்று வந்து இன்று மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார், தாரிணிக்குப் பள்ளித் தேர்வு. எல்லாரிடமும் பணிவாக இருந்தார். பந்தியில் இலை போட்டார்.

பாலா இத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் மனைவி புஷ்பா மட்டும் முதல் நாளே கேட்டாள். “பரீட்சை நல்லா எழுதுனீகளா மதினி?” கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இன்று எல்லாரும் போன பிறகு பாலாவைப் பிடித்து வைத்துக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே அத்தானிடம் சொன்னானாம். அவர் என்னிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாராம். அவ ரொம்ப அழுதா, ஆனா பரீட்சைய முடிச்சுட்டே வர்றேங்கறா, நான் கட்டாயப்படுத்த முடியுமா என்றாராம்.

“எனக்குத் தெரியவே தெரியாதுடா பாலா.”

“அம்மா மூணு நாள் நெனவோட கெடந்தா” என்றான். “வலது கை வெளங்கல, பேச்சு கொழறல். உன்னைத்தான் கேட்டா. அவ சொல்லுதது யாருக்கும் வெளங்கல, எனக்கு மட்டும் வெளங்கிச்சு. நீ வரமாட்டேன்னு சொன்னதா நாந்தான் அவ காதுல சொன்னேன். பொய் சொல்லி வச்சிருக்க மனசு வரல.”

பிறகு, “தெரியாதுன்னா இன்னும் எதுக்குக்கா அந்த வீட்டுக்குப் போறே?” என்றான். தாரிணி அங்கே இருக்கிறாள் என்றேன். அவன் நம்பவில்லை. நான் சொன்ன எதையும்.

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

முடிவு வந்தது. நான்கு பகுதியிலும் தேவைக்கு மேலே. பேச்சில்தான் எல்லாவற்றிலும் அதிகம்.

தியாகு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவந்தார். ஃப்ரிட்ஜ் தாளை அவரே கிழித்தார். இனி தமிழ் பேசலாம்.

எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

2025 மே 18, ஞாயிறு

சபீனா மிஸ் ஃபோன் செய்தார். அம்மா விஷயம் இப்போதுதான் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் தடுமாறினார். இறந்தது தேர்வு நாளுக்கு முந்தின நாள் என்று நான்தான் சொன்னேன். நீங்க என்ன தலைப்பு பேசினீங்க அக்கா என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

2025 ஆகஸ்ட் 9, சனி

அழைப்பு வந்துவிட்டது. குடியேற விண்ணப்பிக்கலாம் என்று கனடாவிலிருந்து, என் பெயருக்கு. காலையில் தியாகு கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆள் மேலே வந்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் சேலத்தில் அவர் வீட்டார் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தாரிணி பனியில் போடும் பூட்ஸ் படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, “மம்மி, யூ டிட் இட்” என்றாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளாக வந்து தொட்டாள்.

நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, போகப்போவதில்லை என்று. முடிவு எடுத்த மாதிரிகூட இல்லை. முன்பே அங்கே இருந்ததைப் பார்த்த மாதிரி.

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவருடைய பழைய மேனேஜர் வினய் கூப்பிட்டார். புது கம்பெனியில் ஒரு டீம் சேர்க்கிறாராம், தியாகுவுக்கு இடம் வைத்திருக்கிறாராம். இரண்டு நாளில் சொல்ல வேண்டும். ஒன்பது மாதமாக அவர் எதிர்பார்த்தது.

சாப்பிடும்போது என்னைக் கேட்டார். ஆச்சரியம்தான், என்னைக் கேட்டது. போறவன் எதுக்கு சேரணும், ஆறு மாசத்துல விட்டுட்டுப் போனா வினய்க்கும் கெட்ட பேரு, என்ன சொல்றே?

உங்க இஷ்டம் என்றேன்.

இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். நாக்கு வரை வந்தது. குழம்பு ஊற்றினேன்.

2025 ஆகஸ்ட் 14, வியாழன்

ஹாலில் நடந்துகொண்டே வினய்க்கு ஃபோன் செய்தார். நான் துணி மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கனடா போறோம், நன்றி, என்னைவிடத் தகுதியானவங்களுக்குக் கொடுங்க என்றார். குரலில் எவ்வளவு பெருந்தன்மை. பேசி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

துணி மடித்து முடித்தேன். ஓரங்கள் எல்லாம் நேராக வந்திருந்தன.

2025 ஆகஸ்ட் 20, புதன்

மதிய இடைவேளையில் கம்பெனி கம்ப்யூட்டரில் கனடா விண்ணப்பக் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அழைப்பை மறுக்கும் பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று திரை கேட்டது. இந்த விஷயத்தில் என்னை உறுதிதானா என்று கேட்டது அது ஒன்றுதான். ஆம். பிறகு விண்ணப்பத்தையே விலக்கிக்கொண்டேன். அதற்கும் கேட்டது. ஆம். தயிர்சாதம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் ஹாலில் சான்றிதழ்களைத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். கனடா இல்லை, நான் வேண்டாமென்று மத்தியானம் தெரிவித்துவிட்டேன் என்று. சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை எடுத்தார். பழைய கடவுச்சொல்லை மூன்று முறை அடித்தார்.

“பாஸ்வேர்டைச் சொல்லு.”

சொல்லவில்லை. சொல்லுடி என்றார். ரோகிணி, ப்ளீஸ் என்றார். சேலத்தில் எல்லாருக்கும் என்ன சொல்வது என்றார். தாரிணியின் எதிர்காலம் என்றார். அத்தை விஷயத்துக்காகவா, அதுக்குத்தான் அன்னைக்கே விளக்கம் சொன்னேனே என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

“எப்போ முடிவு பண்ணின?”

“கூப்பிட்ட அன்னைக்கே.”

“வினய்கிட்ட வேணாம்னு நான் சொல்றப்ப பக்கத்துலதானே நின்ன. அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க பேசறது முடியட்டும்னுதான் சொல்லல.”

அவருக்கு அது யாருடைய வாக்கியம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காகிதங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு பெயர் வைக்க முடியாது அதற்கு. சந்தோஷம்தான்.

திரும்பினால் தாரிணி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “நேனு கிளாஸ்லோ அந்தரிக்கி செப்பேசானு” என்றாள். வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

2025 ஆகஸ்ட் 23, சனி

வினய்க்கு மறுபடி ஃபோன் செய்தார். ஆள் எடுத்துவிட்டார்களாம்.

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

லோத்குண்டாவில் வீடு. இரண்டு அறை, பின்னால் ராணுவ நிலம், மரங்கள். கம்பெனி சகா ஒருத்தி பார்த்துக் கொடுத்தாள். தியாகு சேலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போகும்போது தாரிணியை அழைத்துப்போகப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் அதிகம் வற்புறுத்தவும் இல்லை, வேலை இல்லாமல் அண்ணன் வீட்டில் பிள்ளையோடு எப்படி. தாரிணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் வற்புறுத்தாததை.

புது வீட்டில் முதல் நாள் அவள் பையை இறக்கவே இல்லை. இறக்கு என்றேன். இறக்கினாள்.

2025 அக்டோபர் 9, வியாழன்

ஒருத்தியாகச் சமாளிக்க நேரம் போதவில்லை. எழு. குளி. சாப்பிடு. பையை எடு. ஓடு. மாலையில் உட்கார், எழுது, காட்டு, படு. நீளமாகப் பேச எனக்குத் தெம்பில்லை. அவள் ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசுவதில்லை. பழைய வீட்டில் எதற்கெடுத்தாலும் தெலுங்கில் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசுவாள். இங்கே சொன்னால் செய்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் மெச்சினாள், இந்த வருடம் ரொம்ப அடக்கம், சொன்ன பேச்சு கேட்கிறாள் என்று. நிம்மதியாக இருந்தது.

2025 நவம்பர் 18, செவ்வாய்

பாலா கூப்பிட்டான். அவனாகவே. எட்டு மாதத்துக்குப் பிறகு.

இருவருக்கும் லீவு, மதியச் சாப்பாடே தாமதமாகி நாங்கள் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எழுந்து கை கழுவிவிட்டுப் பால்கனிக்குப் போய்ப் பேசினேன். தியாகு அவனுக்கு ஃபோன் செய்து என்னைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது வாய்தவறி, அன்னைக்கு அவகிட்ட அத்தை விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் பண்ணியிருப்பா என்றிருக்கிறார். சொல்லியிருந்தாலும் என்றால்? பாலா பிடித்துக்கொண்டான். “நீ சொன்னது நெசந்தானாக்கா” என்றான். அவன் அழுதான். அம்மா காதில் தான் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். தன்னை மன்னிக்கச் சொன்னான். நான் அவனை ஆற்றினேன். அம்மாவின் சேலைகளை எனக்கு எடுத்துவைத்திருக்கிறானாம். பொங்கலுக்கு வரச் சொன்னான். வருகிறேன் என்றேன். நெடுநேரம் பேசிவிட்டோம். வெளிச்சம் போய்க் கொசு வந்துவிட்டது.

உள்ளே வந்தேன். தாரிணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு காலி. வலது கையில் சாதம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரல்களைத் தட்டுக்கு மேலே விரித்து வைத்துக்கொண்டிருந்தாள், எதிலும் படாமல். விளக்குகூடப் போடவில்லை.

இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். தோள்கள் கொஞ்சம் உயர்ந்தன. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“யூ டிட்ன்ட் ஸே கெட் அப்.”

எழு என்று நான் சொல்லவில்லையாம்.

பக்கத்தில் போய் உட்கார நினைத்தேன். அந்தக் கையைப் பிடிக்கலாம் என்று. நான் ஒரு அடி வைத்ததும் அவள் நாற்காலியில் இன்னும் நேராக உட்கார்ந்தாள்.

எழுந்திரு என்றேன். எழுந்தாள்.